பிரதானி நனைய, ராஜா காய

முன்னொரு காலத்தில், மேற்கே ஒரு கடல், கிழக்கே ஒரு கடல், நடுவில் சுவர் வைத்த மாதிரி ஒரு மலை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அரண்மனை மலைக்கு மேற்கே, அடிவாரத்தில் இருந்தது.

அந்த அரண்மனை முற்றத்தில் ஒரு கல்லுரல் உண்டு. நெல் குத்துகிற உரல் அல்ல, மழை பிடிக்கிற உரல். ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பி மழை பிடித்துக்கொண்டதும், உரல் எப்போது நிரம்பி வழிகிறது என்று பார்க்க ஒரு காவலன் உட்கார்ந்திருப்பான். வழிந்தால் முரசு அறைவார்கள். முரசு கேட்டால் குடிகள் விதைக்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். அவர்கள் காலத்தில் அது நல்ல வழக்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அப்போது ராஜ்யம் மலைக்கு மேற்கே மட்டும்தான் இருந்தது.

நம் கதையின் ராஜாவுக்கு அது போதவில்லை. ஒரு தை மாதத்தில் படையோடு மலை ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். தையில் மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், காலையில் பனி, பகலில் வெயில். ஆகவே ராஜாவுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கீழ்நாடு என்று பெயர் வைத்து, மேல்நாட்டுச் சட்டமெல்லாம் கீழ்நாட்டுக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அது முதல் உரல் வழிந்ததும் முரசுச் சத்தம் குன்றுக்குக் குன்று ஆள் மாற்றிக் கணவாயைக் கடந்து கீழ்நாட்டுக்கும் போயிற்று. முரசு போயிற்று, மழை போகவில்லை. அதை ராஜாவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கீழ்நாட்டார் முதல் வருஷம் ஆணைக்குப் பயந்து புழுதியில் விதைத்தார்கள். எறும்புகளுக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைத்தது. இரண்டாம் வருஷமும் விதைத்தார்கள். காற்று மேல்மண்ணோடு விதையையும் வாரிக்கொண்டு போயிற்று. மூன்றாம் வருஷம் முரசு கேட்டபோது, முள்ளிக்குளத்துக் குடியானவள் சடைச்சி எழுந்து போய்த் தன் விதைச்சோளம் இருந்த குதிரின் வாயை மண் பூசி அடைத்துவிட்டாள். அவளைப் பார்த்து ஊரே அடைத்துவிட்டது.

செய்தி பிரதானி சிங்கராயரின் காதுக்கு வந்தது. ராஜ்யத்தில் ராஜாவுக்கு அடுத்தபடி அவர்தான். சடைச்சியையும் ஊர்க்காரர்கள் சிலரையும் கையைக் கட்டி, குதிரிலிருந்து அள்ளிய விதைக் கூடைகளோடு சபைக்குக் கொண்டுவரச் செய்தார்.

சபையில் விகடகவி வெண்காடனும் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். பிரதானி வாயைத் திறந்தால் ராஜாவுக்குக் கொட்டாவி வரும், வெண்காடன் திறந்தால் சிரிப்பு வரும். பிரதானிக்கு அவன்மேல் இருந்த எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"மகாராஜா, இவர்கள் ராஜத்துரோகிகள்" என்றார் பிரதானி. "உரல் வழிந்தது, முரசு ஒலித்தது, ஊர் கேட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவர்கள் விதைக்கவில்லை. காவலர் முன்னிலையில் இவர்கள் கையாலேயே இந்த விதை முழுவதையும் விதைக்கச் செய்து, அதன்பின் சிறையில் அடைக்க வேண்டும்."

சடைச்சி தலை குனியவில்லை. "ராசா, எங்க பக்கம் ஆடியில காத்துதான் வரும், மழை வராது. ஐப்பசியில கீகாத்து திரும்பினாத்தான் எங்களுக்கு மழை. ரெண்டு வருச வெதய மண்ணுல கொட்டிட்டோம். மிச்சம் இம்புட்டுத்தான். இதயும் புழுதியில போட்டா, வார வருசம் மொரசு அடிக்க ஆளு இருக்கும், கேக்க ஆளு இருக்காது."

ராஜாவின் முகம் சிவந்தது. "ராஜ்யம் ஒன்று, ராஜா ஒருவன், வானமும் ஒன்று. என் முற்றத்தில் பெய்யும் மழை உன் முற்றத்தில் பெய்யாதா? மழை என்ன, ஆள் பார்த்தா பெய்கிறது?"

"ஆள் பார்த்துப் பெய்யாது, மகாராஜா. இடம் பார்த்துப் பெய்யும்" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெண்காடனும் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் பேசியது தான்தான் என்று அவனுக்கு உறைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதல்ல. ஆனால் அவனால் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? அவன் பெண் எடுத்ததே கீழ்நாட்டில்தான். கல்யாணமான முதல் ஆடியில் மாமியார் வீட்டு விருந்துக்குக் கணவாய் வழியாகத்தான் போனான். அரண்மனைக்காரர்கள் யாரும் ஆடியில் மலை ஏற மாட்டார்கள். விருந்து ஆசை அவனை ஏற வைத்தது. ஏறும்போது தெப்பலாக நனைந்தான். பல் கிட்டிப் போயிற்று. இறங்கும்போது கட்டியிருந்த வேட்டி கட்டியபடியே காய்ந்தது. மாமியார் வீட்டு வாசலில் அவன் மழையைப் பற்றிப் பிரலாபித்தபோது, தலையெல்லாம் புழுதியோடு நின்ற மாப்பிள்ளையை அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வழியில கள்ளுக்கடை எதுவும் இருந்துச்சா மாப்பிள்ள?" என்று கேட்டாள். அந்த அவமானத்தை அவன் மறக்கவில்லை.

பிரதானிக்கோ அன்று பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "கேட்டீர்களா மகாராஜா? விகடகவி சொல்வதைப் பார்த்தால், நான் மழையில் நனைகிற அதே வேளையில் தாங்கள் என் எதிரிலேயே வெயிலில் காயலாம் போலிருக்கிறது" என்று சிரித்தார்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அதுதான் ராஜாக்களோடு தொல்லை. கோபத்தில் இருக்கும்போது கூட வேடிக்கை என்றால் விடமாட்டார்கள்.

"நல்லது. அதையே செய்து காட்டு, வெண்காடா" என்றார். "பிரதானி மழையில் நனைய வேண்டும். அதே நேரத்தில் நான் வெயிலில் காய வேண்டும். அவர் என் கண்ணில் பட வேண்டும், அவர் குரல் என் காதில் விழ வேண்டும். குடை கூடாது, கூரை கூடாது, மாய மந்திரம் கூடாது. செய்தால் இவர்கள் விதையோடு வீடு போகலாம். தவறினால் இவர்கள் விதை புழுதிக்கு, உன் தலை எனக்கு."

வெண்காடன் கழுத்தை ஒரு தரம் தடவிக்கொண்டான். சடைச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத ஒருவன் தனக்காகத் தலையைப் பணயம் வைக்கிறான் என்ற நன்றி அந்தப் பார்வையில் இல்லை. இவன் காரியத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

"உத்தரவு, மகாராஜா. இடத்தை நான் சொல்கிறேன், கணவாய். எந்த நாள் என்று பிரதானியாரே சொல்லட்டும்" என்றான்.

பிரதானி அன்று முழுவதும் யோசித்தார். மழை குறைந்த நாளைச் சொன்னால் மலையின் ஒரு பக்கம் தூறி ஒரு பக்கம் ஓய்ந்து, விகடகவி தப்பிவிடக் கூடும். காற்று பிய்த்துக்கொண்டு போகிற நாளாகப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், மழை பறக்காதா? அத்தனை மேகத்தையும் காற்று அள்ளிக்கொண்டு போய் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடாதா? இப்படி எண்ணி, அரண்மனைத் தென்னைகள் ஒடிகிற மாதிரி வளைந்த ஒரு நாள் காலையில், "இன்றுதான்" என்று அறிவித்தார். அதைக் கேட்டு வெண்காடன் தலையைக் குனிந்துகொண்டான். பயத்தில் குனிந்தான் என்று பிரதானி நினைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தான்.

பல்லக்குகள் புறப்பட்டன. பின்னால் கைதிகளும், காவலர்களும், விதைக் கூடைகளும். தோற்றால் மலையிலிருந்து இறங்கியதும் அங்கேயே விதைத்துவிட வேண்டும் என்பது பிரதானியின் ஏற்பாடு. சடைச்சி கட்டிய கைகளாலேயே தன் கூடையின் மேல் பனையோலைப் பாயைப் போட்டு, வழியெல்லாம் அதன்மேல் கவிந்தபடியே நடந்தாள். அவள் நனைந்தாள், விதை நனையவில்லை.

ஏற ஏற மழை வலுத்தது. ஏற ஏறக் குளிரும் வலுத்தது. பாதி மலையில் ராஜா சால்வை கேட்டார், முக்கால் மலையில் கம்பளி கேட்டார். பிரதானி தலைக்குத் தடவ வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்த தேங்காயெண்ணெய் உறைந்து வெண்ணெயாகிவிட்டது. அதை விரலால் நோண்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன பீடை" என்று முணுமுணுத்தார்.

கணவாயின் உச்சிக்கு வந்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே காற்று ஊளையிட்டுக்கொண்டு போயிற்று. அங்கே பார்த்தால், மழை இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது. காற்றோடு மேகம் உச்சியைத் தாண்டிக் கீழ்நாட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா, மகாராஜா. மழை மலையைத் தாண்டிவிட்டது" என்று பிரதானி ஆனந்தக் கூத்தாடினார். "காவலர்களே, கூடைகளை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்."

ராஜா வெண்காடனைப் பார்த்தார். அவனுக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை காற்றில் அவன் இந்தக் கணவாயைக் கடந்ததில்லை. ஆனாலும் வேட்டி காய்ந்தது உண்மைதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"பிரதானியார் நனைய வேண்டும் என்பது உத்தரவு. அவர் இந்தப் பாறைமேல் நிற்கட்டும்" என்றான். "மகாராஜா காய வேண்டும் என்பது உத்தரவு. தயவு செய்து பல்லக்கில் ஏறுங்கள். நான் நிறுத்தச் சொல்லும் இடம் வரை போவோம்."

பிரதானி சந்தோஷமாகவே பாறைமேல் ஏறினார். பல்லக்கும் அதன் பின்னால் கைதிகளும் கூடைகளுமாகக் கீழ்நாட்டுச் சரிவில் இறங்கினார்கள். முதல் வளைவில் மழை தூறலாயிற்று. இரண்டாவது வளைவில் தூறல் முகத்தில் தெறிக்கும் பொடிச் சாரலாயிற்று. அடுத்த வளைவில் பல்லக்குத் தூக்கிகளின் நிழல் தரையில் விழுந்தது. ராஜா திரையை விலக்கி வானத்தைப் பார்த்தார். தலைக்கு மேலே நீலம். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று மட்டும் அதே வேகத்தில் முதுகில் மோதியது, ஆனால் அதில் ஒரு பொட்டு ஈரமில்லை. கீழே கீழ்நாடு முழுவதும் செம்புழுதி எழும்பிப் பறந்துகொண்டிருந்தது.

"இங்கே நிறுத்துங்கள்" என்றான் வெண்காடன்.

ராஜா ஒரு பாறையில் உட்காரப் போய், சூடு தாங்காமல் எழுந்து கம்பளியைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். கணவாய் வாயில் சாம்பல் நிறமாய் மழை. அதன் நடுவில், தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிரதானி.

"பிரதானியாரே" என்று ராஜா கூப்பிட்டார். காற்று மேலிருந்து கீழே அடித்ததால் ராஜாவின் குரல் அவருக்குப் போகவில்லை. அவர் குரல் மட்டும் ஒவ்வொரு சொல்லாக இறங்கி வந்தது.

"மகாராஜா, நான் உள்ளாடை வரை நனைந்துவிட்டேன். தாங்களும் இதே போல நனைந்துகொண்டுதான் இருப்பீர்கள். இந்தப் பொய்யனைச் சும்மா விடாதீர்கள். மழை என்றால் எல்லோருக்கும் மழைதான், மகாராஜா."

பல்லக்குத் தூக்கிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சடைச்சி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். ராஜா தன் அங்கவஸ்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"கண்ணில் படுகிறார், காதிலும் விழுகிறார்" என்றார் ராஜா மெதுவாக. "எப்படியடா இது? மேகத்தைத் தள்ளுகிற காற்று இங்கேயும் அடிக்கிறதே. மழை எங்கே போயிற்று?"

"சோற்றுப் பானையின் மூடியைப் பார்த்திருக்கிறீர்களா, மகாராஜா? தாங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள். ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டால் தண்ணீராகிச் சொட்டும். கடலிலிருந்து வருகிற காற்று வயிறு நிறைய ஈரத்தோடு வருகிறது. மலை வழிமறிக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது. பிரதானியாரின் எண்ணெய் உறைந்ததைக் கண்டீர்களே. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடும். எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. சூடேறிய காற்று மழை கொடுக்காது, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். காற்று எவ்வளவு பலமோ, அங்கே அவ்வளவு மழை, இங்கே அவ்வளவு வறட்சி. நாளைத் தேர்ந்து கொடுத்தது பிரதானியார். அவருக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்."

ராஜா சடைச்சியின் கூடையருகே போனார். பாயைத் தூக்கி விதையைப் பார்த்தார். பிறகு காலால் தரையைக் கிளறினார். புழுதி பறந்து அவர் கண்ணிலேயே விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டை அவிழுங்கள்" என்றார்.

அதற்குள் பிரதானி, தன்னைக் கூப்பிட ஆள் வராததால், தானே இறங்கி வந்துவிட்டார். மேலே நனைந்தவர், இறங்கும்போது பாதி காய்ந்துபோயிருந்தார். விஷயம் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"மகாராஜா, ஆடியில் இங்கே மழை இல்லை என்பது தெரிந்தது. ஐப்பசியில் உண்டு என்பதற்கு என்ன சாட்சி? எங்கள் உரல் காய்ந்து கிடக்கும்போது இவர்கள் பக்கம் மழை கொட்டுமா? விதையைத் தின்றுவிட்டு இன்னொரு கதை சொல்வார்கள்."

"அதுவும் நியாயம்தான்" என்றார் ராஜா. "முள்ளிக்குளத்தில் ஓர் உரலை வையுங்கள். ஒரு முரசும் வையுங்கள். ஐப்பசி முடிவதற்குள் அது நிரம்பி வழிய வேண்டும். அதுவரை விதை இவர்களிடம் இருக்கட்டும், வெண்காடன் தலை என் கணக்கில் இருக்கட்டும். யாரும் தண்ணீர் ஊற்றி ஏமாற்றாமல் காவல் இருக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். பிரதானியாரே, உரல் வழிகிறவரை நீர் அங்கேயே இரும். வழிந்ததும் முரசை நீரே அறையும்."

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. மேல்நாட்டில் மழை ஓய்ந்து கதிர் முற்றியது. வெண்காடன் தினமும் மொட்டைமாடியில் ஏறிக் கிழக்கே பார்ப்பான். மலைக்கு மேலே வெறும் வானம். அவன் மனைவி அஞ்சுகம், "எங்கூரு மழை ஏமாத்தாது. ஆனா ஒங்க வாய்க்கு ஒரு மூடி செஞ்சு போடச் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் மாடிக்கு வந்து பார்த்தாள்.

ஐப்பசி பிறந்தது. சபையில் ராஜா தினமும் கேட்பார்: "தலை எப்படி இருக்கிறது, வெண்காடா?"

"இன்னும் கழுத்தோடுதான் இருக்கிறது, மகாராஜா."

பாதி ஐப்பசி கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவன் சொன்ன விகடங்களுக்குச் சபை சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. தன் தலையைவிட அந்தக் கூடைகள் அவன் நெஞ்சில் கனத்தன. தலை போனால் ஒன்று போகும், கூடை போனால் ஊர் போகும்.

ஒரு நாள் பகலில் அரண்மனை முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். நல்ல வெயில். மழை உரலில் ஒரு காக்கை உட்கார்ந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டு பறந்து போயிற்று. அப்போதுதான் கேட்டது. முதலில் மலைக்கு மேலே, பிறகு நடுமலையில், பிறகு அடிவாரத்தில், முரசு.

மேற்கிலிருந்து கிழக்கே போயே பழகிய முரசு, முதல் முறையாகக் கிழக்கிலிருந்து மேற்கே வந்தது. ராஜா சிங்காசனத்திலிருந்து எழுந்து முற்றத்துக்கு ஓடினார். அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை. மலையின் முதுகில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் முள்ளிக்குளத்துத் தூதன் வந்து சேர்ந்தான். "மகாராஜா, கீழ்க்காற்று திரும்பிவிட்டது. மேகம் கீழ்க்கடலிலிருந்து வந்து மலையைத் தாண்ட முடியாமல் எங்கள் தலையிலேயே கொட்டுகிறது. உரல் வழிந்தது. பிரதானியார் முரசு அறைந்தார். இன்னும் அறைந்துகொண்டிருக்கிறார், நிறுத்தச் சொன்னாலும் கேட்கவில்லை. ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினார்."

"என்ன செய்தி?"

தூதன் தயங்கினான். "'நான் மறுபடியும் நனைந்துவிட்டேன். மகாராஜா, தாங்கள் இப்போதும் காய்ந்துகொண்டுதான் இருப்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், வீட்டுக்கு வர அனுமதி கொடுங்கள்' என்றார்."

ராஜா சிரித்த சிரிப்பில் முற்றத்து நெல்லைக் கொத்திக்கொண்டிருந்த குருவியெல்லாம் பறந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். "தலை இனி உன்னுடையது. அதற்கு மேல் என்ன வேண்டும், கேள்."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் உரலே பேசட்டும், மகாராஜா. அவர்கள் முரசைக் கேட்டு அவர்கள் விதைக்கட்டும்."

"தந்தேன்" என்று சொல்லிவிட்டு ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழையில், சடைச்சி மறுபடி பூசி அடைத்திருந்த குதிரின் மண்ணை உடைத்துச் சோளத்தை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு ஏருக்குப் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.